பெயரின் காவல்: அரசியல், பெயர்மாற்றம், விளையாட்டு ஆகியவற்றிலிருந்து இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தொழில்கள் பெறத்தக்க பாடங்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பொருளுக்குப் பெயர் கிடைப்பது வேறு. கிடைத்த பெயரைக் காப்பது வேறு. விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே அடுத்தடுத்து அமைந்துள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகரங்களும் தமிழகம் அறிந்த பெயர்கள் பலவற்றை உருவாக்கியுள்ளன. அவற்றுள் சில நிலைத்தன. சில பிறர் கைக்குச் சென்று மதிப்பிழந்து வருகின்றன. தமிழக அரசியலில் தேர்தல் சின்னங்கள் பெற்ற இடம், மாநிலமும் மாவட்டமும் நிறுவனமும் கண்ட பெயர்மாற்றங்கள், கிரிக்கெட் அணிகள் வளர்த்த பற்று ஆகிய மூன்று களங்களை ஆராய்ந்து, அவற்றிலிருந்து இவ்வட்டாரச் சிறுதொழில்கள் கற்கத்தக்க சந்தைப்படுத்தல் பாடங்களை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வணிக அடையாளம், புவிசார் குறியீடு, தேர்தல் சின்னம், பெயர்மாற்றம், பால்கோவா, இராஜபாளையம் நாய், ராம்கோ, சென்னை சூப்பர் கிங்ஸ்.

முன்னுரை

மக்கள் வழக்கில் ‘பிராண்ட்’ எனப்படும் வணிக அடையாளம், பெரு நிறுவனங்களுக்கும் விளம்பர முகமைகளுக்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மேலாண்மைப் பாடநூல்களும் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களையே எடுத்துக்காட்டுகின்றன. ஆனால், எழுத்தறியாத வாக்காளருக்கு ஒரு கட்சியை ஒரே பார்வையில் அடையாளம் காட்டக் கற்ற தமிழக அரசியலைவிட, அடையாள உருவாக்கத்திற்குச் சிறந்த பள்ளி வேறில்லை. அவ்வாறே, ஊர்ப்பெயரும் மாவட்டப் பெயரும் மாறிய வரலாறும், ஒரு கிரிக்கெட் அணி ஈராண்டுத் தடைக்குப் பின்னும் தன் ரசிகர்களை இழக்காமல் மீண்ட வரலாறும் வணிகர்களுக்கு நேரடியாகப் பயன்படத்தக்கவை.

ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இவ்விரு நகரங்களையும் ஆய்வுக்களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பெயர், தரம், காவல் ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் கூடிய நான்கு பொருள்களை இங்கே ஒருசேரக் காணலாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்குப் பெயர் உண்டு; காவல் போதாது. இராஜபாளையம் நாய்க்குப் பெயரும் வரையறுத்த இனத்தரமும் உண்டு. அத்தரத்தை வாங்குவோர் அறியார். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணிக்குத் தரம் உண்டு. மக்கள் அறிந்த பெயர் இல்லை. இராஜபாளையத்தில் வேர்கொண்ட ராம்கோ சிமெண்டிற்கு மூன்றும் உண்டு. இந்த வேறுபாடு ஏன் ஏற்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஓர் ஊரின் பெயர் மூலதனமாதல்

ஊர்ப்பெயர் எவ்வாறு மதிப்பாகிறது என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே முதற்சான்று. வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை இராஜகோபுரமே தமிழ்நாடு அரசின் இலச்சினையில் இடம்பெற்றுள்ளது என்பது பெருவழக்கு. பள்ளிப் பொது அறிவு நூல்கள் முதல் சுற்றுலாக் கையேடுகள் வரை அவ்வாறே கூறுகின்றன. 1949-ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட அவ்விலச்சினையை வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். அவர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டதாகக் கூறினார் என்னும் பதிவும் உண்டு. எனினும், மக்கள் மனத்தில் அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமாகவே நிலைபெற்றுவிட்டது.

இதிலிருந்து பெறப்படும் கருத்து ஒன்று. ஓர் அடையாளத்தின் பொருளை வரைந்தவர் மட்டும் முடிவு செய்வதில்லை. அதைக் காண்போரின் நம்பிக்கையும் முடிவு செய்கிறது. அந்த நம்பிக்கை ஊருக்குக் கிடைத்த செல்வம். அதனால்தான் இனிப்புப் பெட்டிகள் பலவற்றில் கோபுரப் படம் அச்சிடப்படுகிறது. இங்கு ஒரு சட்ட வரம்பையும் வணிகர்கள் அறிதல் வேண்டும். சின்னங்கள் மற்றும் பெயர்களை முறையற்றுப் பயன்படுத்துதலைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு இலச்சினையை வணிக நோக்கில் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. கோபுரத்தின் ஓவியத்தை அச்சிடுவது வேறு. அரசு இலச்சினையையே, அல்லது அதனைப் போலத் தோன்றும் வடிவத்தை, அச்சிடுவது வேறு.

முதற்களம்: தேர்தல் சின்னம்

1972-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அ.தி.மு.க., 1973-இல் நடைபெற்ற திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் இரட்டை இலைச் சின்னத்தில் போட்டியிட்டு வென்றது. கட்சி தோன்றி ஓராண்டு நிறைவதற்குள் ஒரு புதிய வடிவம் வாக்காளர் நெஞ்சில் பதிந்தது. வரைவதற்கு எளிது, சுவரில் ஒரே நிறத்தில் தீட்டலாம், இரு விரல்களைக் காட்டியே உணர்த்தலாம் என்பன அச்சின்னத்தின் இயல்பான வலிமைகள். விலையுயர்ந்த வடிவமைப்பைவிட, எவரும் எங்கும் திரும்பப் படைக்கத்தக்க எளிமையே அடையாளத்தின் முதல் தகுதி என்பதை இது காட்டுகிறது.

அதனினும் முதன்மையானது, சின்னம் பிளவுபட்ட காலத்தின் படிப்பினை. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபின் கட்சி இரண்டாயிற்று. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரியில் நடைபெற்ற சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும், ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் போட்டியிட்டன. சேவல் அணி 27 இடங்களைப் பெற்றது. மற்றோர் அணிக்குக் கிடைத்தவை மிகச் சில. பதின்மூன்று ஆண்டுகள் ஆட்சியில் இல்லாதிருந்த தி.மு.க. மீண்டும் ஆட்சி அமைத்தது. தேர்தலுக்குப் பின் இரு அணிகளும் இணைந்தன. இரட்டை இலை மீண்டது. அதே ஆண்டில் மதுரை கிழக்கு, மருங்காபுரி இடைத்தேர்தல்களில் ஒன்றுபட்ட கட்சி வென்றது.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2017 மார்ச்சில் இச்சின்னம் மீண்டும் முடக்கப்பட்டு, நவம்பரில் எடப்பாடி கே. பழனிசாமி – ஓ. பன்னீர்செல்வம் தரப்பிற்கு வழங்கப்பட்டது. ஆயினும், அடுத்த மாதமே நடைபெற்ற ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில், பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் இரட்டை இலையை எதிர்த்து நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அத்தேர்தலின் காரணிகள் பலவாயினும் ஒன்று தெளிவு: சின்னம் கையில் இருப்பது மட்டுமே வெற்றிக்குப் போதுமானதன்று.

இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்துக் காணும்போது, வணிகத்திற்கு உரிய பாடம் புலனாகும். பகிர்ந்துகொள்ளும் அடையாளம் பிளவுபட்டால் பயன் மூன்றாம் தரப்பினர்க்கே சேரும். பிளவு நீங்கியபின்னும் அதன் மதிப்பு தானே நிலைக்காது.

பால்கோவாவிற்குத் தேர்தல் ஆணையம் எது?

கட்சிச் சின்னத்திற்கு உரிமை கோரும் பிணக்குகளைத் தீர்க்க 1968-ஆம் ஆண்டுத் தேர்தல் சின்னங்கள் ஆணை உள்ளது. தீர்ப்பளிக்கத் தேர்தல் ஆணையம் உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் நிலை வேறு. ஊரின் கடைவீதியில் ‘ஒரிஜினல்’ என்னும் சொல் இல்லாத பெயர்ப்பலகை அரிது. எல்லாரும் ஒரிஜினல் என்றால், அச்சொல்லுக்கு வேறுபடுத்திக் காட்டும் ஆற்றல் இல்லை. ஊருக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். நெடுஞ்சாலை ஓரங்களிலும் பேருந்து நிலையங்களிலும் இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய பெட்டிகள் விற்கப்படுகின்றன. இக்கட்டுரையாளர் தொலைவூர் ஒன்றின் பேருந்து நிலையத்தில் வாங்கிய அத்தகைய பெட்டியொன்றில் ஊர்ப்பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. தயாரித்தவர் முகவரியோ தயாரித்த நாளோ இல்லை. சுவையில் பாலைவிட மாவே மிகுந்திருந்தது. இப்பெயரை முதன்முதலாக அப்பெட்டியின் வழியே அறியும் ஒருவர், பால்கோவா என்றால் இதுதான் என்று கொள்வார். இழப்பு அந்தப் பெட்டியை விற்றவருக்கு அன்று, ஊருக்கு.

இந்த இழப்பின் பொருளாதாரத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். மரபான முறையில் பத்து லிட்டர் பசும்பாலுடன் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சர்க்கரை சேர்த்து, விறகடுப்பில் இடைவிடாது கிண்டிச் சுண்டவைத்தால், மூன்று கிலோவிற்குச் சற்று மேல் பால்கோவா கிடைக்கும். பால் லிட்டர் 35 ரூபாய் எனவும் சர்க்கரை கிலோ 45 ரூபாய் எனவும் வைத்துக்கொண்டால், மூலப்பொருளுக்கு மட்டும் கிலோவிற்கு ஏறத்தாழ 125 ரூபாய் ஆகும். விறகு, கூலி, பெட்டி, கடை வாடகை, போக்குவரத்து ஆகியவை இதன்மேல் சேர்பவை. இவற்றுள் எதையும் பெரிதாகக் குறைக்க இயலாது. குறைக்க இயலுவது பால் ஒன்றே. பாலுக்கு மாற்றாக மாவும் வனஸ்பதியும் சேர்ப்பவர் விலையைக் குறைத்து விற்க முடியும். நேர்மையானவர் அவரோடு விலையில் போட்டியிட முடியாது. வாங்குபவருக்கு வேறுபாட்டைக் காட்டும் அடையாளம் இல்லாத சந்தையில், நேர்மை ஒரு செலவாக மட்டுமே எஞ்சுகிறது. இதன் இறுதிச் சுமை, கறவை மாடு வளர்க்கும் சிறு விவசாயியின் மீதும், அடுப்பின் முன் நின்று கிண்டும் தொழிலாளியின் மீதும் விழுகிறது.

இதற்குச் சட்டம் ஒரு கருவியைத் தந்துள்ளது. பொருள்களின் புவிசார் குறியீடுகள் (பதிவு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 1999-இல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டு பதிவு பெற்றது. விண்ணப்பித்தது அவ்வூரின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். வணிக முத்திரையைப் போல இதைத் தனியொருவர் விற்கவோ பிறர்க்கு மாற்றவோ இயலாது. இது ஊரின் கூட்டுச் சொத்து. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பதிவு பெற்ற ஒன்றால் மட்டும் ஊரில் உள்ள ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் முழுப் பாதுகாப்பு கிடைத்துவிடாது. ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனர்’ எனத் தனியே பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். அப்பதிவு உடையவரே குறியீட்டைத் தம் உரிமையாகப் பயன்படுத்தவும், மீறுவோர்மீது நடவடிக்கை கோரவும் இயலும்.

ஆக, பால்கோவாவிற்குத் தேர்தல் ஆணையம் இல்லாமல் இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்வோர் போதாமையே சிக்கல்.

இரண்டாம் களம்: பெயர்மாற்றம்

பெயரை மாற்றுவதில் தமிழகம் நீண்ட அனுபவம் உடையது. அவ்வனுபவத்தில் விருதுநகர் மாவட்டத்திற்குத் தனி இடம் உண்டு. சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து, தியாகி சங்கரலிங்கனார் 1956-இல் விருதுநகரில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். எழுபது நாட்களுக்கும் மேலாக நோன்பிருந்து, அவ்வாண்டு அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார். 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அப்பெயர் எவ்விதக் குழப்பமும் இன்றி ஏற்கப்பட்டதற்குக் காரணம், அது புதிய பெயர் அன்று. மக்கள் நாவில் முன்பே வழங்கிய பெயர். அரசு ஆவணம் மக்கள் வழக்கைப் பின்தொடர்ந்தது.

இதற்கு நேர்மாறான படிப்பினையும் இம்மாவட்டத்திலேயே உண்டு. 1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இப்பகுதி, காமராஜர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 1997-இல் இம்மாவட்டத்திற்கெனத் தொடங்கப்பட்ட போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதை ஒட்டித் தென்மாவட்டங்களில் சாதி மோதல்கள் மூண்டன; உயிர்கள் பலியாயின. அதன் விளைவாக மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் சூட்டும் முறையையே அரசு கைவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. ஒரு பெயர் ஒரு சாராருக்கு நீண்டநாள் மறுக்கப்பட்ட மதிப்பாகவும், மற்றொரு சாராருக்கு ஏற்கவியலாத ஒன்றாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இது துயரமான சான்று. அங்கே தவறு பெயரில் இல்லை. சமூகத்தின் பிளவில் இருந்தது. எனினும், பெயரிடுதல் வெறும் அலங்காரம் அன்று, உறவுகளின் மீது செய்யப்படும் செயல் என்பதை எந்தத் தொழில்முனைவோரும் மறத்தல் ஆகாது.

வணிகத்தளத்தில் நிகழ்ந்த பெயர்மாற்றத்திற்கு இராஜபாளையமே சான்று தருகிறது. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-இல் இராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அவர் தொடங்கிய மற்றொரு நிறுவனமான மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 1957-இல் பதிவு பெற்றது. அதன் முதல் ஆலை விருதுநகர் அருகே, பின்னர் இராமசாமி ராஜா நகர் என வழங்கும் இடத்தில் அமைந்தது. 2013-ஆம் ஆண்டு அந்நிறுவனம் ‘தி ராம்கோ சிமெண்ட்ஸ்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. இம்மாற்றத்தின் நுட்பம் கவனிக்கத்தக்கது. கொத்தனாரும் கடைக்காரரும் அதற்கு முன்பே ‘ராம்கோ சிமெண்ட்’ என்றுதான் கேட்டு வாங்கினர். மூட்டையில் இருந்த பெயர் அதுவே. மாறியது நிறுவனத்தின் பதிவுப்பெயர் மட்டுமே. ‘மெட்ராஸ்’ என்னும் நகரப்பெயரே 1996-இல் வழக்கொழிந்த பின்னர், நிறுவனத்தின் பெயர் மக்கள் நாவில் இருந்த பெயரோடு இணைந்தது. 1969-இல் மாநிலம் செய்ததையே 2013-இல் நிறுவனமும் செய்தது எனலாம். பதிவு அலுவலகம் மட்டும் இராஜபாளையம் இராமமந்திரத்திலேயே தொடர்ந்தது.

இவ்விடத்தில் எழுத்து வேறுபாட்டையும் சுட்டுதல் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், சீவில்லிபுத்தூர் என ஒரே ஊர் பலவாறு எழுதப்படுகிறது. இராஜபாளையமும் ராஜபாளையம், இராசபாளையம் என மாறி வருகிறது. இலக்கியத்தில் இது இயல்பு. ஆனால், இணையத்தில் பெயரைத் தட்டச்சு செய்து பொருள் தேடும் காலத்தில், பெட்டியிலும் பலகையிலும் இணையக் கடையிலும் ஒரே எழுத்துவடிவத்தைக் கையாளாத வணிகர், தம் வாடிக்கையாளரைத் தாமே சிதறடிக்கிறார்.

பெயர் முன்செல்ல, பொருள் பின்தங்குதல்

இராஜபாளையம் நாய் வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இவ்வினத்தின் படம் தாங்கிய அஞ்சல்தலையை இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்திய நாய் இனங்களை வளர்க்க வேண்டும் என வலியுறுத்தியபோது, இராஜபாளையத்தையும் பெயர் சுட்டினார். எந்தச் சிறுதொழிலும் பணம் கொடுத்துப் பெறவியலாத விளம்பரம் இது.

ஆனால், அரசியல் மேடையில் கிடைக்கும் விளம்பரம் தேவையை ஒரே நாளில் உயர்த்தும்; தூய குட்டிகளின் எண்ணிக்கையை ஒரே நாளில் உயர்த்தாது. அந்த இடைவெளியை நிரப்புபவை கலப்பினக் குட்டிகளும், நெருங்கிய உறவுகளுக்குள் இனச்சேர்க்கை செய்து பெற்ற குட்டிகளும் ஆகும். வெண்ணிறத் தோலுடைய நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை மிகுந்து காணப்படும் என்பது கால்நடை மருத்துவம் அறிந்த உண்மை. வாங்குபவரோ வெண்மையை மட்டுமே இனத்தின் அடையாளமாகக் கொள்கிறார். கேட்கும் திறனைச் சோதிக்க அறியார். அடையாளத்தின் புறக்கூறு ஒன்று தரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, அவ்வடையாளமே இனத்திற்குக் கேடாகிறது. எனவே, வளர்ப்போர் விளம்பரத்தைவிட முதலில் நாட வேண்டியவை வம்சாவளிப் பதிவும், குட்டியின் செவித்திறனைச் சோதித்து அளிக்கும் மருத்துவச் சான்றும் ஆகும்.

மூன்றாம் களம்: விளையாட்டு

2008-இல் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியபோது சென்னை அணியை வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். தாழையூத்தில் ஆலை கண்ட அந்நிறுவனம், தன் சிமெண்டின் பெயரை அணிக்குச் சூட்டவில்லை. ஊரின் பெயரையும் மஞ்சள் நிறத்தையும் முன்வைத்தது. பொருளை விற்க முயலாமல் உரிமையுணர்வை வளர்த்தது.

அவ்வுணர்வின் வலிமை சோதனைக்காலத்தில் வெளிப்பட்டது. சூதாட்ட முறைகேட்டு வழக்கை ஒட்டி, 2016, 2017 ஆகிய ஈராண்டுகள் அணி தடைசெய்யப்பட்டது. 2018-இல் திரும்பியபோது, காவிரிப் போராட்டச் சூழலால் சென்னையில் ஓர் ஆட்டத்திற்குப்பின் எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனேவிற்கு மாற்றப்பட்டன. ரசிகர்கள் ‘விசில்போடு எக்ஸ்பிரஸ்’ என்னும் தனி ரயிலில் புனேவிற்குச் சென்றனர். அவ்வாண்டு அணி கோப்பையையும் வென்றது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக் வசமானபோதும், முன்பே தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருந்த அணி அதனுடன் செல்லவில்லை. ஆலையைவிட அணியின் பெயர் உறுதியாக நின்றது.

மறுபுறம், டெல்லி டேர்டெவில்ஸ் அணி 2018 இறுதியில் டெல்லி கேப்பிட்டல்ஸ் எனவும், கிங்ஸ் லெவன் பஞ்சாப் 2021-இல் பஞ்சாப் கிங்ஸ் எனவும் பெயர் மாறின. 2025 தொடர் முடிய இவ்விரு அணிகளும் கோப்பையை வென்றதில்லை. புதுப்பெயர் புதுத்தொடக்க உணர்வைத் தரலாம். ஆட்டத்தை அது ஆடித் தராது. 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் காரைக்குடி காளை அணி பின்னர்த் திருப்பூர் தமிழன்ஸ் ஆனதை இங்கு ஒப்பிடலாம். ஊர்ப்பெயரை அடுத்த ஊருக்கு மாற்றத்தக்க ஒட்டுப்பெயராகக் கொள்ளும்போது, எந்த ஊரிலும் ஆழ்ந்த பற்று வளர்வதற்குக் காலம் கிடைப்பதில்லை. பால்கோவாவிற்கு அச்சிக்கல் இல்லை. அதன் ஊர்ப்பெயரைச் சட்டப்படி வேறூருக்கு மாற்றவே இயலாது. இது விளையாட்டு அணிகளுக்கும் கிடைக்காத வாய்ப்பு.

சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியை இவ்விடத்தில் எண்ணுதல் தகும். மருத்துவமனைகளில் நோயாளியின் காயத்தைச் சுற்றும் அத்துணி எங்கு நெய்யப்பட்டது என்பதை அவர் அறிவதில்லை. அதை வாங்கித் தம் பெயரிட்டு விற்பவரின் பெயரே உறையில் உள்ளது. பெயரில்லாத பொருளுக்கு ரசிகர் இல்லை. ஆகவே விலை சொல்லும் உரிமையும் நெசவாளரிடம் இல்லை.

ஒப்புமையின் எல்லை

அரசியலும் விளையாட்டும் வணிகத்திற்கு முழுமையாக ஒப்பாகா. தேர்தலில் ஒரு தொகுதிக்கு ஒருவரே வெல்வார். சந்தையில் பத்துக் கடைகள் ஒருசேர வாழ முடியும். ஆகவே, எதிர்த்தரப்பை வீழ்த்தும் அரசியல் உத்தியை அடுத்த கடைக்காரரிடம் கையாளுதல் ஊரின் பெயரையே வீழ்த்தும். வாக்காளர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தீர்ப்பளிக்கிறார். பால்கோவா வாங்குபவர் முதல் வாயிலேயே தீர்ப்பளித்துவிடுகிறார். தோற்ற அணியை ரசிகர் மன்னிப்பார். கெட்ட இனிப்பை வாங்கியவர் மன்னிப்பதில்லை. எனவே கற்க வேண்டியது ஆரவாரத்தை அன்று, ஒழுங்கை.

முடிவுகளும் பரிந்துரைகளும்

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. அடையாளம் எளிதாகவும் ஒன்றாகவும் இருத்தல் வேண்டும். பால்கோவா தயாரிப்போர் தத்தம் கடைப்பெயரைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் புவிசார் குறியீட்டு இலச்சினை எல்லாப் பெட்டிகளிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் அமைதல் வேண்டும்.

2. ‘ஒரிஜினல்’ என்னும் சொல்லைக் கைவிட்டு, தயாரித்த நாள், தயாரித்தவர் முகவரி, அங்கீகரிக்கப்பட்ட பயனர் பதிவெண் ஆகிய மூன்றையும் அச்சிடுதல் வேண்டும். பால்கோவா சில நாட்களே சுவை மாறாதிருப்பது என்பதால், நாளை அச்சிடுவதே நேர்மைக்குச் சான்றாகும்.

3. கூட்டுறவுச் சங்கம் சிறு தயாரிப்பாளர்களின் பயனர் பதிவிற்குத் துணை நிற்றல் வேண்டும். சட்டப் படிவங்களை நிரப்பும் செலவும் அச்சமுமே பலரைத் தடுக்கின்றன எனின், அவற்றைக் கூட்டாகச் சுமப்பதே தீர்வு.

4. பெயர்மாற்றம் செய்ய எண்ணும் நிறுவனம், வாடிக்கையாளர் தன்னை என்ன பெயரால் அழைக்கிறார் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். ராம்கோவின் மாற்றம் இவ்வகையில் முன்மாதிரியாகும்.

5. திடீர்ப் புகழ் கிடைக்கும் காலமே தரத்தை இறுக்க வேண்டிய காலம். இராஜபாளையம் நாய் வளர்ப்போர் வம்சாவளிப் பதிவையும் செவித்திறன் சான்றையும் விற்பனையின் பகுதியாக்குதல் வேண்டும்.

6. சத்திரப்பட்டி நெசவாளர்கள் கூட்டாக ஓர் ஊர்ப்பெயர் முத்திரையை உருவாக்கி, உறையின் ஓரத்திலேனும் அது இடம்பெறுமாறு கொள்முதல் செய்வோரிடம் வலியுறுத்தலாம்.

நிறைவுரை

ஊர்ப்பெயர் ஒரு தலைமுறை மட்டும் ஈட்டிய செல்வம் அன்று. அடுப்பின் முன் நின்றவர்களும், தறியில் அமர்ந்தவர்களும், மாட்டைக் கறந்தவர்களும் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்தது. அரசியல் கட்சி தன் சின்னத்தை மீட்க ஆணையத்தின் வாயிலில் ஆவணக் கட்டுகளோடு நிற்கிறது. ரசிகர் தம் அணியைக் காண மாநிலம் கடந்து ரயிலேறுகிறார். அத்தகைய அக்கறையில் ஒரு பங்கை ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் தம் பெயர்களின்மீது செலுத்துமாயின், அப்பெயர்கள் இன்னும் ஒரு தலைமுறைக்குச் சோறு போடும். செலுத்தாவிடின், பெட்டியில் பெயர் இருக்கும். பொருள் வேறெங்கோ செய்ததாக இருக்கும்.